உங்களக் கேக்காம வீடியோ எடுத்துட்டாங்களா? மொதல்ல இருந்து என்ன செய்யணும்

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்ல ஒரு வீடியோ வாட்ஸ்அப்ல கெளம்பிச்சுன்னா சாயந்தரத்துக்குள்ள பசார் கடைக்காரர்ல இருந்து பக்கத்துத் தோட்டத்து லயம் வரைக்கும் போயிடுது. கேஎல்லுல, அதான் கோலாலம்பூர்ல, அடுத்த வீட்டுக்காரன் யாருன்னே தெரியாது, இங்க யாரு பொண்ணு, யாரு மருமகன், எந்தத் தோட்டத்துல இருந்து வந்தவங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த வீடியோவுல இருக்கறவங்க கோயிலுக்குக்கூட போக முடியாம வீட்டுக்குள்ளயே கெடக்குறாங்க. பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்) வாசல மிதிச்சே பழக்கம் இல்லாதவங்க, லோயர்னாலே காசு போயிடும்னு பயப்படுறவங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஒண்ண மொதல்லயே சொல்லிடுறேன், மனச தளர விட்டுடாதீங்க. நம்ம நாட்டுல "அனுமதி இல்லாம வீடியோ எடுத்தா குத்தம்"னு தனியா ஒரு சட்டம் கெடையாது. அதனால பாலாய்ல போயி "என்னக் கேக்காம எடுத்துட்டான் சார்"னு அது ஒண்ண மட்டும் சொன்னீங்கன்னா, இது சிவில் கேஸ், லோயரப் பாருங்கன்னு திருப்பி அனுப்பிடலாம். ஆனா எங்க எடுத்தாங்க, அதுல என்ன தெரியுது, எடுத்து அத வச்சி என்ன பண்ணாங்க, இந்த மூணும் தெளிவா சொன்னா பாதிக்கு மேல ஏதாவது ஒரு சட்டத்துல வந்து நிக்கும். வீட்ட விட்டுக் கெளம்புறதுக்கு முன்ன இந்த மூணுக்கும் பதில ஒரு தாள்ல எழுதிக்குங்க.

எங்க எடுத்தாங்கங்கிறது

ரோட்டுல, பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை), திருவிழாவுல பொதுவா எடுத்தா அத நிறுத்துறது கஷ்டம். முன்ன ஒரு கேஸ்ல பாலர் பள்ளிப் பிள்ளைங்க வெளிய நின்னப்ப எடுத்த படத்த விளம்பரத்துல போட்டுட்டாங்க, பெத்தவங்க கோர்ட்டுக்குப் போயும் பொது எடத்துல எடுத்ததுதானேன்னு ஹைகோர்ட்டு ஏத்துக்கல. தீமிதி, காவடி, சாமி ஆடுறவங்கள எடுத்து கண்ட பாட்டப் போட்டு டிக்டாக்குல கேலி பண்றாங்களே, பாக்கவே வயிறு எரியுது. ஆனா வெறுமன எடுத்ததுக்குன்னு போலீஸ் வராது. இதுக்குக் கோயில் கமிட்டிதான் சரி, அது அவங்க எடம், கர்ப்பகிரகத்துக்கு முன்ன எடுக்காதீங்க, அருள் வந்தவங்கள எடுக்காதீங்கன்னு போர்டு வச்சி மைக்குல சொல்றதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்கு.

வீட்டுக்குள்ள, குளிக்கிற எடம், டாய்லெட், துணி மாத்துற ரூம், கிளினிக் கட்டில், இதுல எடுத்தா கதையே வேற. பழைய லயத்து வீடுகள்ல பின்னாடி பலகை மறைப்பு வச்ச குளியல் ரூம்தான், மேல தெறந்தேதான் இருக்கும், அதுல போன நீட்டி எடுத்தா அது குற்றவியல் சட்டம் 509. ஒருத்தரோட மானத்த அவமதிக்கிறது, அவங்க தனிமையில தலையிடுறது, ரெண்டுமே அந்தப் பிரிவுல வரும், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். இதுக்கு வீடியோவ யாருக்கும் அனுப்பியிருக்கணும்னு அவசியம் இல்ல, எடுத்ததே போதும். ஆம்பளைக்கும் இது பொருந்தும், சட்டத்துல யாரா இருந்தாலும்னுதான் இருக்கு.

கோர்ட்டும் இந்த விஷயத்துல மாறிக்கிட்டு வருது. 2003ல ஒரு ரெய்டுல புடிச்ச பொண்ணு லாரியிலயே சிறுநீர் கழிக்க வேண்டி வந்தப்ப ரேலாங்கிற அரசாங்கத் தொண்டர் படை ஆளு ஒருத்தன் படம் புடிச்சிட்டான், அந்தப் பொண்ணு விடாம கேஸ் போட்டு 2009ல அப்பீல் கோர்ட்டு வரைக்கும் போயி, அவன் மட்டும் இல்ல, அவன அனுப்புன அரசாங்கத் தரப்பும் பொறுப்புன்னு தீர்ப்பு வாங்குனாங்க. பினாங்குல ஒரு டாக்டர் மூல வியாதி சிகிச்சையப்ப மயக்கத்துல இருந்த அம்மாவ அவங்களக் கேக்காமலே படம் எடுத்துட்டாரு, சிகிச்சைக்காகத்தான்னு சொல்லிப் பாத்தாரு, ஹைகோர்ட்டு அத ஒத்துக்கல. 2010ல பெடரல் கோர்ட்டும், அரசியல் சட்டம் 5ஆவது பிரிவுல இருக்கிற தனிமனித சுதந்திரத்துக்குள்ள தனிமையும் அடங்கும்னு சொல்லிருக்கு. எல்லா ஜட்ஜும் ஒரே மாதிரி பாக்கறது இல்லதான், ஆனா கதவு தெறந்திருக்கு.

எடுக்குறப்பவே பாத்துட்டீங்கன்னா

கோவம் வரும், வராம எப்படி இருக்கும். ஆனாலும் போனப் புடுங்காதீங்க, அடிக்காதீங்க. நீங்க கை வச்சிட்டீங்கன்னா அவன் உங்களுக்கு முன்னாடியே பாலாய்ல போயி ரிப்போட் போட்டுருவான், அப்பறம் கேஸ் உங்க மேல. நாலு பேரு காதுல விழற மாதிரி "எதுக்கு என்ன எடுக்கிறீங்க, எனக்கு சம்மதம் இல்ல"ன்னு சொல்லுங்க, கூட இருக்கறவங்க பேரு, போன் நம்பர் வாங்கி வைங்க. அவன் பேரு தெரியலன்னா மோட்டார் நம்பர், சட்டை கலர், எத்தன மணி, எந்தக் கடைக்கு முன்ன, எல்லாம்.

அழிடான்னு சொல்லலாமா? மூஞ்சி மட்டும் தெரியிற சாதாரண வீடியோன்னா அழிக்கச் சொல்லிட்டு விட்டுறலாம், அது போதும். குளியல் ரூம் மாதிரி விஷயம்னா அழிக்க வைக்காதீங்க. அந்தப் போனுல இருக்கிறதுதான் உங்க கேஸு. சொந்தக்காரங்க எல்லாம் கூடி மெரட்டி அழிக்க வச்சிட்டு, மறுநாள் ரிப்போட் போடப் போனா காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது, அவனும் நான் எடுக்கவே இல்லன்னு சொல்லிடுவான். உடனே 999 அடிங்க இல்ல பாலாய்க்குப் போங்க, போன எடுத்து வைக்கிறது போலீஸ் வேல.

வீடியோ பரவிருச்சுன்னா, மொத வேல ஆதாரம்

எல்லாரும் மொதல்ல அத எடுக்கச் சொல்லித்தான் கெஞ்சுறாங்க, அது இயல்பு. ஆனா ஆதாரம் புடிக்கிறதுக்கு முன்ன வீடியோ போயிட்டா அப்பறம் யாரப் புடிக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அதுல போட்டவன் பேரு, அக்கவுண்டு, நம்பர், தேதி, நேரம், எந்தக் குரூப்பு எல்லாம் தெரியணும். லிங்க காப்பி பண்ணி ஒரு எடத்துல எழுதிக்குங்க. கீழ வந்த கமெண்டும் முக்கியம், மெரட்டல் அங்கதான் இருக்கும். இன்னொரு போன வச்சி ஸ்கிரீன மெதுவா தள்ளித் தள்ளி வீடியோ எடுத்தா ரொம்ப நல்லது, ஏன்னா ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தா எடிட் பண்ணதுன்னு சொல்லித் தப்பிக்கப் பாப்பாங்க. எடுத்தத எல்லாம் இமெயில்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க, விசாரணைக்குன்னு போலீஸ் உங்க போனையும் கேக்கலாம்.

இதுல ஒரு எச்சரிக்கை. வீடியோவுல இருக்கிறது 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையா இருந்து, ஆபாசமா இருந்துச்சுன்னா நீங்க அத சேவ் பண்ணவே கூடாது, "பாருங்க இந்த மாதிரி நடக்குது"ன்னு நல்ல எண்ணத்துலகூட யாருக்கும் அனுப்பக் கூடாது. 2017ல வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்துல வச்சிருக்கிறதே குத்தம், எடுத்தவனுக்கு 30 வருஷம் வரைக்கும் ஜெயிலும் பிரம்படியும் இருக்கு. லிங்கும் அக்கவுண்டு பேரும் எழுதிக்கிட்டு நேரா பாலாய்க்குப் போங்க. விஷயம் தெரிஞ்சும் சொல்லாம மறைச்சாலும் அந்தச் சட்டத்துல அபராதம் உண்டு, அதனால "குடும்ப மானம்"னு பெரியவங்க அமுக்கப் பாத்தா இதையும் அவங்களுக்குச் சொல்லுங்க.

குரூப் அட்மின்களுக்கும் ஒரு வார்த்த. ஆதாரச் சட்டத்துல 114ஏன்னு ஒரு பிரிவு 2012ல சேத்தாங்க. ஒரு பதிவுல யாரு பேரு இருக்கோ, யாரு அந்தப் பக்கத்த நடத்துறாங்களோ அவங்கதான் போட்டாங்கன்னு கோர்ட்டு எடுத்துக்கும், இல்லன்னா இல்லன்னு நிரூபிக்கிறது அவங்க பொறுப்பு. தாமான் (குடியிருப்பு) குரூப்பு, கோயில் குரூப்புக்கு அட்மினா இருக்கறவங்க அந்த மாதிரி வீடியோ வந்தா உடனே எடுத்துடுங்க, அனுப்புனவன் யாருன்னு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வச்சி சம்பந்தப்பட்டவங்களுக்குக் குடுங்க.

ஆதாரம் கையில வந்ததும் எடுக்க வைங்க

அந்தந்த ஆப்லயே ரிப்போட் பண்ணுங்க, சொந்தக்காரங்க நாலு பேரையும் பண்ணச் சொல்லுங்க. கூடவே எம்சிஎம்சிக்கு (தொடர்பு பல்லூடக ஆணையம்) புகார் குடுங்க, 1800-188-030 அவங்க நம்பர். அந்தரங்கமான படமா இருந்து நீங்க 18 வயசு தாண்டினவங்கன்னா ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு ஒரு சேவை இருக்கு, உங்க படத்த அவங்களுக்கு அனுப்ப வேண்டியதில்ல, உங்க போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு அடையாள எண் உண்டாக்கி அது மட்டும்தான் போகும், அதுல சேந்திருக்கிற பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் மாதிரி கம்பெனிங்க அத வச்சி தடுக்கும். 18க்குக் கீழன்னா டேக் இட் டவுன்னு அதே மாதிரி ஒண்ணு. இலவசம். வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஆளு அனுப்பறத இது புடிக்காது, அதுக்குப் போலீஸ்தான்.

பாலாய்க்குப் போறது

எந்த பாலாய்லயும் ரிப்போட் போடலாம், சம்பவம் நடந்த எடத்துலதான் போடணும்னு இல்ல. உங்க டவுன் பாலாய்ல எல்லாரும் தெரிஞ்சவங்க, கூச்சமா இருக்குன்னா ஈப்போவுல போயி போடுங்க. வாயால சொன்னாலும் அவங்க எழுதிக்கணும், எழுதினத உங்களுக்குப் படிச்சுக் காட்டணும், அப்பறந்தான் நீங்க கையெழுத்துப் போடணும். படிக்காம கையெழுத்து வேண்டாம். மலாய் சரளமா வராதவங்க பேசத் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. பொண்ணுங்களா இருந்தா பெண் போலீஸ்கிட்ட சொல்லணும்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் நெறைய பேரு தடுமாறுறாங்க. கதைய ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருந்தா எழுதறவரு முக்கியமானத விட்டுடுவாரு. என்னைக்கு, எத்தன மணிக்கு, எங்க, யாரு, என்ன எடுத்தாரு, எனக்கு எப்படித் தெரிஞ்சது, யாருக்கெல்லாம் போச்சு, அதனால எனக்கு என்ன ஆச்சு, இந்த வரிசையில சொல்லுங்க. "தன்பா கெபெனாரன் சாயா" (என் அனுமதி இல்லாம)ங்கிற வார்த்த ரிப்போட்டுல இருக்கான்னு பாருங்க, பயமா இருக்கு, வேலைக்குப் போக முடியலன்னா அதையும் எழுதச் சொல்லுங்க, ஏன்னா தொந்தரவு பண்ணணும்னே செஞ்சதுங்கிறதுதான் பல பிரிவுக்கு அடிப்படை.

எந்தப் பிரிவுன்னு முடிவு பண்றது போலீசும் டிபிபியும் (அரசுத் தரப்பு வழக்கறிஞர்)தான், ஆனா உங்களுக்கும் தெரிஞ்சிருந்தா தைரியமா பேசலாம். ஆபாசமானத, மெரட்டலானத, தொந்தரவு பண்றதுக்குன்னே நெட்டுல போட்டா தொடர்பு பல்லூடகச் சட்டம் 233, 2025 திருத்தத்துக்கு அப்பறம் அபராதம் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும், ஜெயில் 2 வருஷம் வரைக்கும் போகலாம். பின்னாடியே வந்து வந்து எடுக்கிறான், வீட்டு வாசல்ல நிக்கிறான்னா 2023ல இருந்து குற்றவியல் சட்டத்துல 507ஏ இருக்கு, ஸ்டாக்கிங், அதாவது விடாம பின்தொடர்றது. உங்க பேரு, ஐசி (அடையாள கார்டு) நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் சேத்துப் போட்டு அவமானப்படுத்தினா அதுக்கும் 2025ல புதுப் பிரிவு வந்திருக்கு.

காசு குடு, இல்லன்னா படுக்க வா, இல்லன்னா வீடியோவ உங்க அப்பாவுக்கு அனுப்புறேன்னு மெரட்டுறானா, ஒரு காசு குடுக்காதீங்க. குடுத்தா நிறுத்துவான்னு நெனைக்கிறோம், குடுத்ததுக்கு அப்பறந்தான் தொகை ஏறும். அவன பிளாக் பண்றதுக்கு முன்ன சாட் முழுக்க எடுத்து வைங்க, பேங்க் அக்கவுண்டு நம்பர் குடுத்திருந்தான்னா அது பெரிய ஆதாரம். காசு கேட்டு மெரட்டுறது குற்றவியல் சட்டம் 384ல வரும், 10 வருஷம் வரைக்கும் ஜெயில். வட்டிக்காரன் வீட்டுக்கு வந்து பிள்ளைங்களயும் பொண்டாட்டியையும் வீடியோ எடுத்துப் போடுறான்னா கடன் வாங்குனது உண்மையா இருந்தாலும் நீங்க ரிப்போட் போடலாம், கடன் வாங்குனவங்களத் தொந்தரவு பண்றது வட்டிக்கடைச் சட்டத்துலயே தனிக் குத்தம்.

ரிப்போட் காப்பி வாங்காம வெளிய வராதீங்க. ஐஓ, அதாவது விசாரணை அதிகாரி, யாருன்னு கேட்டு பேரும் நம்பரும் எழுதிக்குங்க. நாலு வாரம் ஆகியும் ஒரு தகவலும் இல்லன்னா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ படி விசாரணை எந்த நெலமையில இருக்குன்னு எழுத்துல கேக்கலாம், ரெண்டு வாரத்துக்குள்ள அவங்க பதில் குடுக்கணும். இத நெறைய பேருக்குத் தெரியாது, ரிப்போட் போட்டோம், ஒண்ணும் நடக்கலன்னு விட்டுடுறாங்க. எழுத்துல கேட்டுப் பாருங்க, பைலு மறுபடியும் மேசைக்கு வரும்.

வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பொண்ணு வந்து சொன்னதும் "நீ ஏன் அங்க போன, நீ ஏன் அந்தப் பையன்கிட்ட பேசுன"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அதுக்குப் பயந்துதான் அவங்க மாசக்கணக்கா மறைக்கிறாங்க, மறைக்கிற ஒவ்வொரு நாளும் அவன் அத வச்சி மெரட்டிக்கிட்டு இருப்பான். சம்மதத்தோட எடுத்த படமா இருந்தாலும் அத ஊருக்கு அனுப்ப சம்மதம் குடுத்ததா ஆகாது, சட்டமும் அவ மேல பாயாது, அனுப்புனவன் மேலதான். வீட்டுல யாருகிட்டயும் பேச முடியலன்னா தாலியான் காசேங்கிற உதவி லைன் 15999க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

பதிலுக்கு நீங்க போட்டுடாதீங்க

"இவன்தான் அந்த நாய், எல்லாரும் ஷேர் பண்ணுங்க"ன்னு அவன் மூஞ்சியும் அட்ரஸும் போடணும்னு கை துடிக்கும். வேண்டாம். அவன் அவதூறு கேஸ் போடுவான், மேல சொன்ன 233உம் அந்தப் புதுப் பிரிவும் உங்க மேலயே திரும்பும், ஆளு தப்பா இருந்துட்டா ஒரு அப்பாவிக் குடும்பம் நாசமாயிடும். இதுல நான் ரொம்பக் கறாரா இருக்கேன், ரிப்போட் நம்பர் கையில இருக்கறப்ப பேஸ்புக் தேவையில்ல.

வேலை எடத்துல

மண்டோரோ (கங்காணி) சூப்பர்வைசரோ வேல செய்றத எடுத்து கம்பெனி குரூப்புல போடறது நல்லா இல்லதான், அதுக்குன்னு குத்தம் ஆகிடாது, ஆபீஸ்லயோ யூனியன்லயோ பேசித் தீக்கலாம். ஆனா செம்பனைக் காட்டுல குனிஞ்சி உதிரிப் பழம் பொறுக்கற பொண்ணுங்கள பின்னாடி நின்னு எடுக்கிறான்னா அது பாலியல் தொல்லை. எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட் படி நீங்க எழுத்துல புகார் குடுத்தா முதலாளி விசாரிக்கணும், விசாரிக்க மாட்டேன்னா காரணத்த 30 நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும், அப்பறம் நீங்க லேபர் ஆபீசுக்குப் போகலாம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு.

2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்துல ஒரு டிரைபியூனலும் (தீர்ப்பாயம்) வந்திருக்கு, 2024ல இருந்து நடக்குது. வேலை எடம்னு இல்ல, எங்க நடந்தாலும் போகலாம், ரெண்டு பக்கமும் லோயர் இல்லாம பேசறதுதான் அங்க முறை, மூடின ரூம்ல விசாரிப்பாங்க, விசாரணை ஆரம்பிச்சு 60 நாளைக்குள்ள முடிவு சொல்லணும், நஷ்ட ஈடு 250,000 வெள்ளி வரைக்கும் குடுக்கச் சொல்லலாம், மன்னிப்பும் கேக்க வைக்கலாம். கையில காசில்லாதவங்களுக்கு இதத்தான் நான் மொதல்ல சொல்லுவேன்.

நீங்க பதிவு பண்ணலாமா? மேனேஜர் உங்ககிட்ட பேசறத உங்க போன்ல நீங்களே ரெக்கார்ட் பண்றது தனியா ஒரு குத்தம்னு சட்டத்துல இல்ல, நீங்களும் அந்தப் பேச்சுல இருக்கீங்க, கோர்ட்டும் பெரும்பாலும் அத ஆதாரமா பாக்கும். கம்பெனி ரூல்ல தடை இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. ஆனா நீங்க இல்லாத எடத்துல மத்தவங்க பேசறத ஒளிச்சி வச்சி எடுக்கிறது, பொண்டாட்டி போன்ல தெரியாம ஆப் ஏத்தி கேக்குறது, அது வேற, அதுல நீங்கதான் மாட்டுவீங்க, 1997 கம்ப்யூட்டர் குற்றச் சட்டம் இருக்கு. ரோட்டுல போலீஸ் நிறுத்தி விசாரிக்கிறப்ப எடுக்கறதையும் கேக்குறாங்க. தள்ளி நின்னு, அவங்க வேலையத் தடுக்காம எடுங்க, மூஞ்சிக்கு நேரா நீட்டினா வேலைக்கு இடைஞ்சல்னு குற்றவியல் சட்டம் 186ல புடிக்க எடம் குடுத்த மாதிரி ஆயிடும்.

சீசீடிவி

கடை, கிளினிக், சூப்பர்மார்க்கெட் கேமரால நீங்க இருக்கிற காட்சி 2010 தனிநபர் தரவுச் சட்டத்துல வரும். கேமரா இருக்குன்னு அவங்க அறிவிப்பு வைக்கணும், உங்க பதிவ நீங்க எழுத்துல கேட்டா 21 நாளைக்குள்ள பதில் சொல்லணும். சீக்கிரமா கேளுங்க, பழசு தானாவே அழிஞ்சி அது மேல புதுசு ஏறிடும். "திருடி"ன்னு தலைப்பு போட்டு கடைக்காரர் உங்க கிளிப்ப பேஸ்புக்ல விட்டுட்டாருன்னா ஜேபிடிபிக்கு (தனிநபர் தரவுப் பாதுகாப்பு இலாகா) புகார் குடுக்கலாம், திருத்தத்துக்கு அப்பறம் இந்தச் சட்டத்துல அபராதம் 1,000,000 வெள்ளி வரைக்கும் போகும். அரசாங்க கேமராவுக்கு இது பொருந்தாது, வீட்டுக் கேமராவுக்கும் பொருந்தாது.

பக்கத்து வீட்டுக் கேமரா உங்க ஹாலப் பாத்துக்கிட்டு இருந்தா மொதல்ல தாமான் தலைவர வச்சிப் பேசுங்க, கேமரா திரும்பி இருக்கிறத தேதியோட போட்டோ எடுங்க. ஜொகூர்ல இதே மாதிரி ஒரு கேஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்க கேமராவ எடுக்கச் சொல்லி ஹைகோர்ட்டு உத்தரவு போட்டிருக்கு. சரவாக்குல ஒரு கேஸ்ல இதுக்கு நேர் எதிரா போச்சு, அதனால சிவில் கேஸ் போடறதுக்கு முன்ன ஒரு லோயர்கிட்ட காட்டாம எறங்காதீங்க.

லோயருக்குக் காசு இல்லன்னா பெராக் பக்கம் இருக்கறவங்க ஈப்போவுல ஜபாத்தான் பந்துவான் குவாமான் (அரசாங்கச் சட்ட உதவி இலாகா) இருக்கு, வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையமும் அங்கயே இருக்கு, ஐசி, சம்பளச் சீட்டு, ரிப்போட் காப்பி, ஸ்கிரீன்ஷாட்ட பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. சிவில் கேஸ் போட பொதுவா 6 வருஷம் டைம் இருக்கு, அரசாங்க ஆளுங்க மேல வேலை சம்பந்தமா போடறதா இருந்தா 3 வருஷம்தான், அது நடந்த நாள்ல இருந்து எண்ணுவாங்க.